வாவிக்குள் போனவர்

"கனகரெத்தினமா? அவன் செத்து ஒண்டரை வருசம் ஆகுது, விதானையார்!"

சொன்னவர் சாட்சாத் கனகரெத்தினமேதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கறுப்புத்தோல் போட்ட வேதாகமம். இப்போது பெயர் பாஸ்டர் ஜீவரெத்தினம். மட்டக்களப்பிலிருந்து முதல் பஸ்ஸில் கல்முனைக்குடிக்கு வந்து, விதானையார் ஸைனுலாப்தீனின் வாசற்படியில் யாரோ வைத்திருந்த அரிசிக் கடகத்தைத் தாண்டி, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் அரசாங்க அலுவலரான விதானையாருக்கு அந்த முன்னறைதான் கந்தோர்.

அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். 'இவர் மணமாகாதவர்' என்று விதானையார் எழுதிச் சீல் குத்தித் தந்தால், சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் பெண்ணை அடுத்த மாதமே கைப்பிடித்துவிடலாம்.

"மணமாகாதவரா?" விதானையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுபத்தெட்டுச் சூறாவளியில வீட்டுக் கூர பறந்த கிழம, பொஞ்சாதிய வெறும் செவரோட உட்டுட்டுப் போனீங்களே, அப்ப அது ஆரு?"

"அது பழைய மனுசன், கனகரெத்தினம். நான் மட்டக்களப்பு வாவியில முழுகி ஞானஸ்நானம் எடுத்தன். தண்ணிக்குள்ள போனது கனகரெத்தினம், வெளிய வந்தது ஜீவரெத்தினம். வேதம் அப்பிடித்தான் சொல்லுது. பழைய மனுசன் சாவான், புது மனுசன் பிறப்பான். இந்தப் புது மனுசனுக்கு இன்னும் கலியாணம் ஆகல்ல."

"அப்ப உள்ள போன ஆள் வெளிய வரவே இல்ல. வாவியில தேடிப் பார்த்தாங்களா?"

"விதானையார், இது ஆவிக்குரிய மரணம். சிரிக்கிற விசயமில்ல."

"எனக்கெங்க சிரிப்பு? மையித்து இல்லாம, பொணமே காணாம, மவுத்த எப்படிப் பதியிற எண்டுதான் யோசிக்கன்."

உள்வாசலில் தொங்கிய பூப்போட்ட திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. விதானையாரின் மனைவி றாபியா அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள். திரையோரமாகத் தேநீர்க் கோப்பை மட்டும் வெளியே வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். மவுத்தான மனிசன்ட பொஞ்சாதிக்கி ஒங்கட வேதத்தில என்ன சொல்லியிரிக்கி?"

பாஸ்டருக்குப் புல்லரித்தது. ஆறு மாதமாகச் சந்தியில் நின்று கத்தியும் ஒரு ஆத்துமா திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே என்னடாவென்றால் முஸ்லிம் வீட்டுத் திரைக்குள்ளிருந்து கேள்வி வருகிறது!

"நல்ல கேள்வி, தாயே! புருசன் உசிரோட இருக்கிற வரைக்கும்தான் கட்டு. அவன் செத்தா அவ விடுதலை. ரோமருக்கு எழுதின நிருபம், ஏழாம் அதிகாரம்."

திரைக்குள் குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பிள்ளைகளை அதட்டுகிறாளாக்கும் என்று பாஸ்டர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"அவ இத்தா இரிக்கணுமா ஐயா? எங்கள்ல புருசன் மவுத்தானா, நாலு மாசம் பத்து நாள் வெளிய எறங்கப்படாது."

"ஒரு நாளும் வேணாம்! அவ விரும்பினா நாளைக்கே வேற ஆளக் கட்டலாம்!"

மறுபடியும் குசுகுசுப்பு. "அப்ப அவர்ர வயலு?"

பாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். நாவிதன்வெளியில் கனகரெத்தினம் பெயரில் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அவர் விட்டுவிட்டுப் போன மனைவி யோகம்மா, தனி மனுசியாய் நின்று அதில் இரண்டு போகம் விளைவித்துவிட்டாள். அதை விற்றுத்தான் சபைக்குக் கட்டடம் எழுப்புவதாக ஆர்மோனியப் பெண்ணின் தகப்பனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் திரைக்குள் ஒரு ஆத்துமா தத்தளிக்கும்போது வயலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அழகா? விற்கிற அன்றைக்குக் கனகரெத்தினத்தை ஒரு மணித்தியாலம் உயிரோடு எழுப்பிக்கொண்டால் போயிற்று.

"வயலா? பழையதெல்லாம் எனக்குக் குப்பை, தாயே! செத்தவன்ட சொத்து செத்தவன்ட ஆக்களுக்கு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது திரை. பாஸ்டர் அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டார்.

இதற்குள் விதானையார் ஒரு தாளில் எழுதி முடித்திருந்தார். உரக்க வாசித்தும் காட்டினார்: "கனகரெத்தினம் என்பவர் 1978 டிசம்பரில் காலமானார். அவருடைய மனைவியிலோ வயலிலோ ஜீவரெத்தினமாகிய எனக்கு யாதொரு உரித்தும் இல்லை. சரிதானே ஐயா? இதில ஒப்பம் வெச்சாத்தான் மத்தக் கடிதத்தப் பத்திக் கதைக்கலாம்."

திரை கேட்டுக்கொண்டிருக்கிறது. பாஸ்டர் 'ஜீவரெத்தினம்' என்று சுழித்துக் கையொப்பமிட்டார்.

"இப்ப என்ட கடிதம்?"

"சூறாவளிக்குப் பொறகு பொறந்த புள்ளைக்கா? ஒண்டரை வயசில கலியாணம் முடிக்கச் சட்டம் உடாது ஐயா." விதானையார் மையை ஊதிக் காயவைத்து, தாளைத் திரைப் பக்கம் நீட்டினார். "இந்தாங்க தங்கச்சி. வயல் பெர்மிட்ட ஒங்கட பேருக்கு மாத்துற மனுவோட இதையும் வையுங்க."

திரை விலகியது. வெளியே வந்தது யோகம்மா. தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வாசற்படியிலிருந்த கடகத்தைத் தூக்கி வந்து திரைக்குள் றாபியாவிடம் கொடுத்தாள்.

"புது அரிசி, ராத்தா. என்ட வயலுது."

பிறகுதான் கதிரையில் வாயைத் திறந்தபடி இருந்தவரைப் பார்த்தாள்.

"இந்த ஐயா ஆர் ராத்தா? செத்துப்போன என்ட புருசன்ட சாயல் கொஞ்சம் இருக்கு."