பாட்சா பாயின் பல்

“உன் மெஷினு தப்பும்மா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நெல்மணியைக் கடித்துத் துப்பிவிட்டு, எல்லார் முன்னாலும் மகள் ஃபர்ஹானாவிடம் சொன்னார் அஹமது பாட்சா.

உத்திரமேரூரில் பாயின் ரைஸ் மில். நெல்லைக் கடித்தே ஈரத்தைச் சொல்வார். ஈரம் மட்டுமல்ல, எந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தது என்றுகூடச் சொல்வார் என்பது ஊர்ப் பேச்சு. அவர் பல் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேலே என்று சொல்லிவிட்டால், மூட்டை வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பல்லுக்குப் போட்டியாக வந்திருக்கும் ஈரம் அளக்கும் மெஷினுக்கு ஃபர்ஹானா எழுதியிருப்பது டிரைவர் என்கிற புரோகிராம். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் நாட்டாமை. மெஷினில் நெல்லைத் தொட்டுப் பார்க்கும் சென்சார் பேசுவது அவருக்குப் புரியாது. எடுத்துச் சொல்கிற ஆள்தான் டிரைவர். அந்தச் சென்சாரும் சும்மா வாய் திறக்காது. அளந்து துளி கரண்ட் விட்டால்தான் நெல்லின் ஈரத்தைக் கக்கும்.

மில்லில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பாய் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால்தான் சென்னைக் கம்பெனி டிரைவரை எடுத்துக்கொள்ளும். இன்று கடைசி நாள்.

“பல்லும் மெஷினும் ஏன் ஒத்துவரலைன்னு நான் சொல்லட்டா?” என்றபடி டிராக்டரிலிருந்து இறங்கினார் இருபது ஏக்கர்காரர் பாண்டுரங்கன். “மெஷினு வந்தா பாயோட பல்லு வித்தை பலிக்காது. இத்தினி வருசமா ஏமாத்திக்கினு கீறாரு. நைனாவுக்காவ மறைக்காத பாப்பா, சொல்லு!”

பாய் இன்னொரு நெல்மணியை எடுத்துக் கடித்தார்.

ஃபர்ஹானா அசரவில்லை. நெல்லை எடுத்துவிட்டு, கரண்டை எவ்வளவு தடுக்கும் என்று முன்பே அளவு தெரிந்த ஒரு ரெசிஸ்டரை மாட்டினாள். கரண்டைக் கூட்டினாள், குறைத்தாள். திரையில் வந்த அளவு புள்ளி பிசகவில்லை.

“என் டிரைவர்ல தப்பே இல்ல, அத்தா.”

வாரம் முழுக்க வந்த நெல்லின் கணக்கை லேப்டாப்பில் ஆள்வாரியாகப் பிரித்தாள். பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“அத்தா, பாண்டுரங்கன் அண்ணன் நெல்லுக்கு உங்க பல்லும் மெஷினும் ஒண்ணாதான் சொல்லுது. செங்கேணி, பீட்டர், பரிமளாக்கா... இந்த அரைக்காணி குத்தகைக்காரங்க நெல்லுக்கு மட்டுந்தான் வித்தியாசம்.”

“பாத்தியா, பாத்தியா!” பாண்டுரங்கன் துள்ளினார். “இல்லாதவன் வயித்துலயே அடிச்சிக்கினு கீறாரு! இன்னா பாய், நாயமா இது?”

ஃபர்ஹானா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“நல்லா பாருங்கண்ணே. மெஷினு பத்தொம்போதுன்னு காட்டினதையெல்லாம், அத்தா பதினாறுன்னு சொல்லி எறக்கியிருக்காரு.”

பாய் செருமினார்.

“திருப்பி அனுப்பினா எங்கம்மா கொண்டுபோயி காயவெப்பாங்க? அவங்களுக்குக் களமா கீது?” என்றவர் கையை நீட்டினார். “குடு பேப்பர. மெஷினு உள்ளதைச் சொல்லட்டும். எறக்கறதா வேணாமான்னு மில்லுக்காரன் நான் சொல்லிக்கிறேன்.”

கையெழுத்து விழுந்தது.

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்துகொண்டே பாயின் காதருகே வந்தார்.

“பாய்... டிராக்டர்ல என் லோடு நிக்குது. காலையில பெஞ்ச மழையில லேசா நனைஞ்சிப்போச்சி. மெஷின்லாம் எதுக்கு? நீங்களே கடிச்சிப் பாத்துச் சொல்லிடுங்களேன்!”