கீரைச் சாற்றுப் பிரகடனம்

மனிதகுல நலன் கருதி, சென்ற மாதம் குடும்பத் தலைவர் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று வெளியிட்ட பிரகடனம் இதுதான்: "ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல். இனிமே இந்த வீட்டுல எல்லாருக்கும் மூணு வேளையும் கீரைச் சாறு மட்டும்தான்!"

இப்போது அவரே காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த டாக்டர் நாடி பார்த்தார்.

"துரும்பா இளைச்சிருக்கீங்களே சார். வைரஸோட சண்டை போட உடம்புல தெம்பு வேணாமா? வயிறாரச் சாப்பிடுங்க."

"சும்மா இருங்க டாக்டர்! என் சம்சாரமும் பொண்ணும் அதே சாறுதான். ஒரு தும்மல் உண்டா? எனக்குத்தான் அளவு பத்தல. நாளையிலேருந்து எனக்கு ரெண்டு மடங்கு!"

டாக்டர் குழம்பிப்போனார். மகள் அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

"சொல்லிடும்மா. அப்பாவுக்கு உடம்பு தாங்காது."

"என்னத்தைச் சொல்லணும்?" என்று உறுமினார் தலைவர்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க அந்தப் பக்கம் ஆபீஸ் போனதும், இந்தப் பக்கம் நாங்க சோறு, பருப்பு, முட்டைன்னு ஒரு பிடி பிடிச்சிடுவோம். முட்டை ஓட்டைப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில போட்டுடுவோம்."

பிரகடனத்துக்குக் கீழ்ப்படிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.