நுரை

"இன்னையோட சரி. இனிமே அந்தக் கூடத்தை வேற யாராவது துடைச்சுக்கட்டும்" என்றபடி ஈரக் காலோடு வீட்டுக்குள் நுழைந்தார் சலூன்காரர்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"வாராவாரம் விடியறதுக்குள்ள எழுந்து போய், பிரார்த்தனைக் கூடத்தை முதுகு ஒடியத் துடைக்கிறேன். ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? போன வாரம் கூடத்துச் செயலாளர்கிட்ட நானே வெட்கத்தை விட்டு, 'தரை எப்படி இருக்கு?'ன்னு கேட்டேன். 'எந்தத் தரை?'ங்கிறார்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமிக்குன்னுதானே துடைக்கிறீங்க?"

"சாமிக்குத்தான். அதுக்காக மனுஷங்க வாயைத் தைச்சா வச்சிருக்கு? அந்த பேக்கரிக்காரனைப் பாரு. பிரார்த்தனைக்கு உட்கார்ந்ததும் குறட்டை விடுறான். அவனும் பக்தன், நானும் பக்தனா?"

குளிக்கப் போனவர் சட்டைப் பையைத் தடவினார். கடைச் சாவியைக் காணோம். கூடத்து ஜன்னலில் வைத்தது ஞாபகம் வர, முணுமுணுத்துக்கொண்டே திரும்ப நடந்தார்.

கூடத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே பேக்கரிக்காரர், சட்டையெல்லாம் மாவோடு, குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. உழைப்பது ஒருவன், ஆள் வரும் நேரத்தில் துணியும் கையுமாக நின்று பேரைத் தட்டிக்கொண்டு போவது இன்னொருவனா?

"யோவ், நான் துடைச்ச தரையைத் துடைச்சு நீ நல்ல பேர் வாங்கப் பார்க்கிறியா?"

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே."

"பின்ன என்ன?"

"சோப்பு கொஞ்சம் தாராளமா போடுறீங்கண்ணே. தரை வழுக்குது. நீங்க துடைக்க ஆரம்பிச்ச முதல் வாரமே, பாட்டுப் பாடுற அம்மா விழப் பார்த்தாங்க. அதான் ராத்திரி வேலை முடிஞ்சதும் நேரா இங்க வந்து, நீங்க கிளம்பின பிறகு நல்ல தண்ணியில ஒரு தடவை துடைச்சு விட்டுடுவேன்."

பேக்கரிக்காரர் துணி பிழிந்த வாளியைச் சலூன்காரர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை, நுரைதான் தெரிந்தது. நுரை பொங்கினால்தான் வேலை சுத்தம் என்று நம்புகிற தொழில் அவருடையது. தாடைக்கு எந்தக் கணக்கோ, அதே கணக்கில்தான் தரைக்கும் போட்டிருந்தார்.

"வாராவாரமாப்பா?"

"ஆமாண்ணே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா செய்யுறீங்க. குத்தம் சொன்னா மனசு விட்டுப்போய் நின்னுடுவீங்களோன்னு பயம்."

சலூன்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார்.

பிரார்த்தனை தொடங்கியது. பேக்கரிக்காரர் வழக்கம்போலக் கண் அயர்ந்து, பக்கத்திலிருந்த சலூன்காரரின் தோளிலேயே சாய்ந்துவிட்டார்.

மேடையில் ஏறிய செயலாளர், அதிசயமாகக் குனிந்து கீழே பார்த்தார்.

"அட, தரை கண்ணாடி மாதிரி இருக்கே. யார் துடைக்கிறது? கொஞ்சம் எழுந்து நில்லுங்க, எல்லாரும் கை தட்டுவோம்."

பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி, 'எழுந்திருங்க' என்று கண்ணாலேயே பிடித்துத் தள்ளினாள். இத்தனை நாளாக அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான்.

சலூன்காரர் அசையவில்லை.

"யார் துடைச்சா என்னங்க?" என்றார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க, இங்க ஒருத்தர் தூங்குறார்."