வீட்டோட மாப்பிள்ளை

"இன்னிக்காவது கிளம்புங்க தம்பி. சாயங்காலம் எல்லை வரைக்கும் பஸ் போகுது" என்றார் தீயணைப்பு நிலைய அதிகாரி.

தீயணைப்பு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த டிரைவர், பம்பில் கசிவு இருக்கிறது, சரிசெய்துவிட்டு நாளைக்குப் போகிறேன் என்றார். நேற்று கியர் சிக்குகிறது என்றார். அதற்கு முன்னால் பிரேக். வண்டியோ சொன்னபடி கேட்டுக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது.

போரில் குண்டு விழுந்து நிலையத்து வண்டிகள் எல்லாம் எரிந்து கரியானபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊர் இந்தச் சிவப்பு வண்டியைச் சும்மாவே கொடுத்தது. ஓட்டிவந்து ஒப்படைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டியவர்தான் இந்த டிரைவர். மனுஷர் இங்கேயே டேரா போட்டுவிட்டார். எங்கே தீ என்றாலும் ஸ்டியரிங்கை யாருக்கும் விடுவதில்லை. நிலையத்து ஆட்கள் அவருக்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தெருவில் போகிறவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஆனால் நேற்று பிரசவ ஆஸ்பத்திரித் தீயை அணைக்கும்போது சுவர் சரிந்து, மயிரிழையில் தப்பினார். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, இவரை இனி ஒரு நாளும் இங்கே வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

"நீங்க செஞ்சதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம் தம்பி. ஆனா உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்க வீட்டுக்காரம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

டிரைவர் சிரித்துவிட்டு ஸ்பானரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

இந்த ஆள் நம் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை என்று, அதிகாரி வண்டியைக் கொடுத்த அந்த ஊர் நகராட்சித் தலைவிக்கே போன் போட்டார். முதலில் நன்றி சொன்னார். நேற்று ஆஸ்பத்திரியில் அத்தனை பச்சைக் குழந்தைகளும் பிழைத்தது உங்கள் வண்டியால்தான் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க கண்டிச்சு ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவர் கிளம்புவார்மா. அங்க உங்க மத்த வண்டியை ஓட்டவும் ஆள் வேணுமே?"

மறுமுனையில் தலைவி திருப்பிக் கேட்டார்.

"மத்த வண்டியா? எங்க ஊர்ல இருந்ததே அது ஒண்ணுதாங்க. தினமும் எரியற ஊர்ல இருக்கட்டும்னு கொடுத்துட்டோம். இங்க வந்து அவர் எதை ஓட்டுவார்?"