படம் தெளிவாகத் தெரிய

“பெரிய கிராபிக்ஸ் கார்டாவே போட்டா என்ன சினேகா?” என்றார் என் கணவர் செல்வம்.

“இது பழைய போர்டுங்க. புதுக் கார்டுக்கு ஸ்லாட்டே இல்ல. பவர் சப்ளையும் தாங்காது.”

சிங்கம்புணரியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தேன். காரைக்குடியில் அவர் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில், எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பது பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த நான்தான்.

“பார்த்துச் செய்யும்மா,” என்றார் டாக்டர். “போன மாசம் படம் மங்கலா இருந்து தப்பாச் சொல்லிட்டேன். அநியாயமா ஒரு உசுரு போச்சு.”

இன்னொரு உயிர் போகக் கூடாது. அதிகம் சூடாகாத நாலு எம்பி மெமரி உள்ள பழைய மாடல் கார்டை எடுத்து, ஸ்லாட்டைத் துடைத்துப் பொருத்தினேன். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். திரையில் பழைய ஸ்கேன் படம் ஒன்று துல்லியமாகத் தெரிந்தது.

“அடேயப்பா!” என்றார் டாக்டர். “எவ்வளவு ஆச்சு செல்வம்?”

“காசெல்லாம் வேணாம் டாக்டர். பேசுனபடி பார்த்துச் சொன்னீகன்னா போதும்.”

“இனிமே தைரியமாச் சொல்லலாம். போன மாசம் பொண்ணுன்னு கலைச்சது ஆம்பளப் புள்ளயாப் போச்சே!”

ஸ்க்ரூ டிரைவர் என் கையிலிருந்து நழுவியது. செல்வம் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அந்தக் கட்டில்ல படுத்துக்க சினேகா. நாலு மாசமாச்சுல்ல. மூணாவதும் பொம்பளப் புள்ளன்னா வேணாம்னு அம்மா சொல்லிருச்சு.”