உச்சி வெயிலில் ஒரு நேர்காணல்

அப்போதெல்லாம் ராத்திரியே கிடையாது. சூரியனுக்கு ஓய்வொழிச்சல் இல்லாத வேலை. ஒருநாள் உடம்பு தள்ளாமல், "நான் கண்ணயரும்போது வெளிச்சம் காட்ட ஆள் தேவை" என்று அறிவித்தார். நேர்காணலை உச்சி வெயிலில், தன் முன்னாலேயே வைத்தார்.

மின்மினி ஆசையாசையாய்ப் போய் நின்றது. வயிற்றில் விளக்கை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று சொந்தக்காரர்கள் அதைக் கேலி பேசிவந்தார்கள். இந்த வேலை கிடைத்தால்தான் அவர்கள் வாய் அடங்கும்.

"எங்கே, எரிந்து காட்டு."

"எரிஞ்சுக்கிட்டுத்தானுங்க ஐயா இருக்கேன்."

"யாரிடம் கதை விடுகிறாய்? அடுத்தது யார்?"

அடுத்து நின்ற நிலா, பொரிக்காத அப்பளம்போல் வெளிறியிருந்தாள். "முகத்தில் களையே இல்லையே அம்மா, சாப்பிட்டாயா?" என்று அவளையும் அனுப்பிவிட்டார். "வேறு யாரும் வரவில்லையா?"

"வந்திருக்கோம் ஐயா!" என்று ஆயிரம் குரல் கேட்டது. ஆளைத்தான் காணோம்.

"தகுதியான ஆளே கிடைக்கமாட்டேன் என்கிறது" என்று புலம்பியபடி, தூக்கம் தாங்காமல் சூரியன் கடலுக்குள் சாய்ந்தார்.

உலகம் முதன்முதலாக இருட்டியது. பயத்தில் மின்மினி ஓர் இலையை இறுகப் பிடித்துக்கொண்டது. இலை பச்சைப்பசேலென்று தெரிந்தது. அது தன் வெளிச்சம்தான் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. தலைக்கு மேலே நிலா வெள்ளித் தாம்பாளமாய்த் தகதகத்தாள்.

"என்னை விடு, அங்கே பார் தம்பி" என்றாள்.

வேலைக்கான உத்தரவு கையில் இல்லாமலே, வானம் கொள்ளாத கூட்டம் எரிந்துகொண்டிருந்தது. மின்மினி இலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"இத்தனை பேருமா அக்கா, அந்த வெயில்ல நம்மகூட நின்னாங்க?"