மார்கழியில் பூக்கோவா நடலாமா?

தட்டில் நின்ற பூக்கோவா என்னும் காலிஃபிளவர் நாற்றுகள் நடவேண்டிய பருவத்தைக் கடந்துகொண்டிருந்தன. சிவரூபியின் பொறுமையும் எல்லை கடந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, மழையும் விட்டிட்டுது, பாத்தியும் கட்டியாச்சு. இண்டைக்கு நடுவமே?"

"மார்கழியில ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமே? தை பிறக்கட்டும்," என்றான் கணவன் குகநேசன்.

"நான் என்ன, கலியாணமே செய்து வைக்கக் கேட்டனான்? நாத்துத்தானே!"

"நடுகையும் மங்கல காரியம்தான். உமக்கு இதுகள் விளங்காது."

சென்ற ஆண்டும் இதே பிடிவாதம்தான். தை பிறந்தபின் நட்ட நாற்றுகளின் பூக்கள் பங்குனி வெயிலில் இறுகாமல் சிதறி, கடைசியில் மாட்டுக்குத் தீனியாயின. அதைச் சொல்லிக் காட்ட அவள் வாய் திறக்குமுன், அவனுடைய கைபேசி ஒலித்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

"ஓம் அம்மா, விவசாயப் போதனாசிரியர்தான் கதைக்கிறன். ஜெயபுரத்தில இருந்தோ? பூக்கோவாவுக்கு மார்கழிக் குளிர்தான் தோது, உடன நடுங்கோ. மாதம் பாக்கிறதெல்லாம் மூடநம்பிக்கை. என்ன, வீட்டுக்காரர் மறிக்கிறாரோ? அந்த மனுசன்ர கதையைக் கேளாதேங்கோ!"

சிவரூபி நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தாள்.

"எங்கயப்பா போறீர்?"

"நடப்போறன். வீட்டுக்காரற்ற கதையைக் கேக்க வேண்டாமெண்டு போதனாசிரியரே சொல்லிப்போட்டார்!"